பூவம்மாவின் சனிக்கிரகமும் என் கோதுமைமாச் சாக்கும்

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அட்டைக் கடியைத் தவிர வேறு குறையில்லை, நீயும் யாழ்ப்பாணத்து வெயிலில் வாடாமல் படிக்கிறாய் என்று நம்புகிறேன். போன வாரம் நான் கோயில் மேட்டில் நின்று போன் பேசியபோது சனிக்கிரகம் பூமியைவிட ஒன்பது மடங்கு அகலம், ஆனாலும் அது கொள்ளுமளவுக்குக் குளம் இருந்தால் மிதக்கும் என்றாய். செத்த நட்சத்திரம் ஒன்று பூமியளவு சுருங்கினாலும் சூரியனளவு கனக்கும் என்றாய். நசுக்கி அடைத்தால் என்ன ஆகும் தெரியுமா என்று தொடங்கினாய், சிக்னல் போய்விட்டது. என் கேடு அங்கேதான் தொடங்கியது.

நம்முடைய கணக்கப்பிள்ளை வீரசிங்கம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடை என்று கழிக்கிறாரே, அது கண்ணால் பார்த்துக் கழிப்பது. மூட்டை பெரிதாகத் தெரிந்தால் மூன்று கிலோ, சிறிதாகத் தெரிந்தால் ஒரு கிலோ. மழையில் நனைந்து பறிப்பது நாங்கள், கழிப்பது அவர் கண். அதனால் நான் புதன்கிழமை சின்னக் கோதுமைமாச் சாக்கொன்றை எடுத்துப்போய், பறித்ததையெல்லாம் அதற்குள் காலால் மிதித்து அடைத்தேன். பூவம்மா அக்கா வழக்கம்போலப் பெரிய சாக்கில் பொலபொலவென்று கொண்டுவந்தாள், அசல் சனிக்கிரகம். தராசில் அவளுக்குப் பதின்மூன்று கிலோ, எனக்குப் பதினாறு. வீரசிங்கம் என்னை முறைத்து, "நேசராணி, உள்ள கல்லு வச்சிருக்கியா" என்று கேட்டுச் சாக்கைக் கவிழ்த்தார். கல் இல்லை. கொழுந்து சிவந்து, அவித்த கீரைபோல ஆவி பறந்தது. "இதுல சோறு வடிக்கலாம் போல" என்றாள் பூவம்மா. அவ்வளவும் குப்பைக்குப் போனது, என் ஒருநாள் உழைப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில், பெரிதெல்லாம் கனமில்லை என்று என் மகள் கம்பஸில் படிக்கிறாள், பூவம்மாவின் அந்தப் பெரிய வெறும் சாக்கை நிறுத்துக் காட்டுங்கள் என்றேன். மற்றப் பெண்களும் நகரவில்லை. கொக்கியில் மாட்டினார். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. "முள்ளு பிழை" என்றார். "அப்ப இருவது வருசமா எங்க கொழுந்த நிறுத்தது எந்த முள்ளுங்க" என்று கேட்டாள் பூவம்மா. வியாழக்கிழமையிலிருந்து எல்லோருக்கும் அரைக் கிலோதான் கழிவு. அப்பா இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்.

பிறகு ஆசிரியரின் மகள் விதுஷாதான் சொன்னாள், நட்சத்திரமும் நசுங்கித்தான் சூடேறுமாம். அதைத்தானே சொல்ல வந்தாய்? இனிமேல் ஆபத்தை முதலில் சொல், அதிசயத்தைப் பிறகு சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. கிரகங்களில் பூமிதான் அடர்த்தி கூடியதென்று விதுஷா சொன்னாள். நீயும் அப்படியே இரு மகளே, யாரும் உன்னைக் கண்ணால் பார்த்துக் கழிக்க விடாதே. மாதா உன்னைக் காப்பாள்.

அரைக் கிலோ கழிவு போக மிச்சமெல்லாம் உன் அம்மா,
நேசராணி