சம்பந்தியம்மாவும் நானும் வாங்கிய குளிர்கால வீடு

சம்பந்தியம்மா,

இன்று காலை ஏலக்காய் தேடிச் சமையலறை மேல்தட்டைத் துழாவியபோது உங்கள் டப்பா கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் கலந்த அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறி, தும்மித் தீர்த்தேன். பக்கத்து அறையிலிருந்து "மதினி, சளி பிடிச்சிட்டா?" என்று உங்கள் குரல் வரும் என ஒரு நொடி நின்று பார்த்தேன். வரவில்லை. பால்கனிக் கதவைத் திறந்தால் வெளியே நம் ராஸ் அல் கைமா வெயில், சட்டையைத் துவைத்துக் காயப்போட்டதுபோல அத்தனை சுத்தமாக இருந்தது. இந்த டிசம்பர் வெயிலைத்தானே "மருந்துக் கடையில கிடைக்காத மருந்து" என்பீர்கள். அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

ஆனால் ஆரம்பத்தில் உங்களைக் கண்டால் எனக்குப் பயம். நான் பெண்ணைப் பெற்றவள். நீங்கள் பிள்ளையைப் பெற்றவர். அதிலும் சவுதியின் அல் கோபாரில் ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பது வருடம் நர்சாக இருந்து, கடைசியில் ஒரு வார்டையே ஆண்டவர். நானோ ஷார்ஜா ரோலாவில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் குடியிருந்து, பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள். வித்யாவுக்கும் கதிருக்கும் நடந்த கல்யாணத்தில், பந்தியில் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பு கூடிப்போச்சு" என்றீர்கள். எங்கள் வீட்டார் பாதிப் பேர் வெலவெலத்துப் போனார்கள். ரத்தக் கொதிப்புக்காரர்களை நினைத்துச் சொன்னீர்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பிள்ளைகள் கனடாவில் கால்கரியில் குடியேறினார்கள். நம் இருவர் வீட்டுக்காரர்களும் அடுத்தடுத்துக் காலமானபிறகு நம்மை முறை வைத்து அழைத்துக்கொண்டார்கள். கோடையில் நீங்கள், குளிர்காலத்தில் நான். சம்பந்திகள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகுமோ என்ற முன்யோசனை. பேரன் பிறந்த வருடம் அந்த ஏற்பாடு குலைந்தது. இருவரும் ஒன்றாக இருக்கவேண்டியதாயிற்று. அதுவும் ஜனவரியில்.

வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே நீங்கள் புடவைமேல் இரண்டு ஸ்வெட்டரும், அதற்குமேல் கதிருடைய பழைய கோட்டும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு எங்க போறாரு?" என்று கேட்டீர்கள்.

"அரிசோனாவுக்குங்க. குளிர் முடியறவரைக்கும் இருக்க அங்க ஒரு வீடு வாங்கி வச்சிருக்காராம். அவர் வயசுக்காரங்களே இருக்கற குடியிருப்பாம். வித்யா சொன்னா."

நீங்கள் அந்தக் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மதினி, வெயிலு அவருக்கு மட்டுந்தான் சொந்தமா? நாம வாழ்க்க பூராவும் வெயில்லதான கெடந்தோம்? நமக்குத் தெரியாத வெயிலா?" என்றீர்கள்.

அன்றுதான் முதல் தடவையாக என்னை மதினி என்று அழைத்தீர்கள். அதுவரை நானும் உங்களுக்குச் சம்பந்தியம்மாதான். உங்கள் ஊர்ப்பக்கம் அது சாதாரணம் என்று தெரியும். இருந்தாலும் எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது.

ஊருக்கே போய்விடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஊர்ல போனா கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாவ. போகலன்னா கோவிச்சுக்கிடுவாவ. நான் ரிட்டயர் ஆனவ மதினி, எனக்கு இனிமே டூட்டி கெடையாது" என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் சொன்ன காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வளைகுடாவில் இருந்த அத்தனை வருடமும் நாம் இன்னொருவர் தந்த விசாவில்தான் இருந்தோம். வேலை முடிந்த மறுமாதம் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். "போன்னு சொன்னதும் போயாச்சு. இப்ப யாரும் கூப்பிடாமலே போய், சொந்தச் சாவியப் போட்டு ஒரு கதவத் திறக்கணும்" என்றீர்கள். எனக்கு ரோலா வீட்டைக் காலி செய்த நாள் நினைவுக்கு வந்தது. காலி அறையில் நின்று குழாயெல்லாம் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கிளம்ப மனசு வராமல்.

குளிர்காலத்துக்கு வளைகுடாவிலேயே, ராஸ் அல் கைமாவில் ஒரு வீடு வாங்கப்போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது வித்யா அழுதேவிட்டாள். "நாங்க உங்க ரெண்டு பேரையும் சரியாப் பாத்துக்கலையா?"

"நல்லாத்தான் பாத்துக்கிடுதீய. சரியாப் பாத்துக்கிடாத வீட்ல இருந்து போனாத்தான் அது ஓடிப்போறது. இது போயிட்டு வாறது" என்றீர்கள்.

கதிருக்கு வேறு கவலை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை வந்தா நாங்க யார் பக்கம்மா நிக்கிறது?"  அந்தக் கேள்வி நம் இருவரோடும் விமானம் ஏறி வந்தது.

வீடு பார்க்க வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. முன்னால் கடல், முதுகுப் பக்கம் மலை. வீட்டைக் காட்ட வந்தவள் லாகூர்க்காரப் பெண். குளம், தோட்டம், நூலகம் என்று அவள் காட்டக் காட்ட நீங்கள் எதையும் கண்டுகொள்ளவில்லை. கழிப்பறைக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தீர்கள். வெறும் தரையில் நீட்டிப் படுத்து, ஏசிக் காற்று தலையில் அடிக்கிறதா என்று சோதித்தீர்கள். லிஃப்டுக்குள் போய் என்னைக் கையை விரித்து நிற்கச் சொல்லி, "பஹன்ஜி, ஸ்ட்ரெச்சர் இதுக்குள்ள போகுமா?" என்று இந்தியும் தமிழுமாகக் கேட்டீர்கள். இதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. போகும் என்று தெரிந்த பிறகுதான் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தீர்கள்.

"நீங்கள் அக்கா தங்கையா?" என்று அவள் கேட்டாள். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சம்பந்திக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? என் மகன், இவர் மகள் என்று நீங்கள் விரலால் முடிச்சுப்போட்டுக் காட்டினீர்கள். அவளுக்குப் புரிந்ததும் "யா அல்லா! சம்தன்?" என்று சம்பந்தியம்மாவைத் தன் மொழியில் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கள் ஊரில் இரண்டு சம்தன்கள் ஒரு போட்டோவுக்குச் சேர்ந்து நிற்பதே கஷ்டம். நீங்கள் ஒரே வீட்டை வாங்குகிறீர்களா?" சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய, அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள். இருவர் பெயரையும் எழுதிச் சாவியை வாங்கிய அன்று, திறக்கும் உரிமை யாருக்கு என்று ஒரு சின்னத் தகராறு வந்தது. கடைசியில் நான் சாவியை நுழைத்தேன், நீங்கள் திருப்பினீர்கள்.

முதல் குளிர்காலத்தில் நாம் செய்த பெரிய காரியம் நீச்சல் உடை வாங்கியது. குளத்தில் இறங்க அது கட்டாயம். ரோலாவுக்கு பஸ் ஏறிப் போய், நான் பழகிய கடைத்தெருவிலேயே தலை முதல் கால்வரை மூடுகிற இரண்டு உடைகள் வாங்கினோம். அறைக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வரமாட்டேன் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "மதினி, நம்மள யாரும் பொண்ணு பாக்க வரல. யல்லா, தண்ணி ஆறிரும்" என்றீர்கள். நீந்தத் தெரியாத நாம் இருவரும் மார்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருந்தோம். ஒரு மாதத்தில் நமக்குப் பின்னால் ஐரிஷ்காரப் பாட்டி, ஈராக்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர், அவர் மனைவி என்று ஒரு ஊர்வலமே நடந்தது. கரையேறியதும் அத்தனை பேருக்கும் நீங்கள் ரத்த அழுத்தம் பார்ப்பீர்கள். எஞ்சினியருக்கு நீங்கள் விரலை ஆட்டி "மாஃபி ஊறுகாய், மாஃபி சீஸ்" என்று அரபியில் தடைபோட்டால், அந்தப் பெரிய மனிதர் பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டுவார்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் கதிர் பயந்தது நடந்தது. நமக்குள் அல்ல, அவர்களுக்குள். வித்யாவைக் கேட்காமலே கதிர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டான். அவள் என்னைக் கூப்பிட்டு அழுதாள். அதே நேரத்தில் அவன் உங்களைக் கூப்பிட்டுக் கத்தினான். நான் படுக்கையறையில், நீங்கள் பால்கனியில். போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது இருவர் முகமும் மாறியிருந்தது.

"உங்க மக என்ன சொன்னா?"

"உங்க பையன் என்ன சொன்னார்?"

 அன்று நான் தனியாக ரசம் வைத்தேன், நீங்கள் தனியாகக் கஞ்சி வைத்தீர்கள். மறுநாள் குளத்துக்கு நீங்கள் முன்னால் போனீர்கள், நான் போகவே இல்லை. அந்த வெள்ளைச் சுவர்களுக்குள் நான் மறுபடியும் பெண்ணைப் பெற்றவளாகி, நீங்கள் பிள்ளையைப் பெற்றவராகி, கல்யாண மண்டபத்தில் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டோம். வீட்டை விற்பதுபற்றி வித்யாவிடம் எப்படிப் பேச்செடுப்பது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஈரத் தலையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள். "எம் மகன் சொன்னத மட்டும் கேட்டா எனக்கு உங்க மகளப் பிடிக்காமப் போயிரும். அவ சொன்னத மட்டும் கேட்டா உங்களுக்கு அவனப் பிடிக்காது. அப்புறம் இந்த வீட்ல நாம எப்படி இருக்க?" என்றீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு இருவரையும் ஒன்றாக அழைத்தீர்கள்.

"ஏல கதிரு, இனிமே உனக்குப் பொண்டாட்டி மேல கோவம் வந்தா எனக்கு போன் பண்ணாத. அத்தைக்குப் பண்ணு. ஏட்டி வித்யா, உனக்கு எம் மகன் மேல கோவம் வந்தா அம்மைக்குச் சொல்லாத. எங்கிட்ட சொல்லு. ஹலாஸ், முடிஞ்சிட்டு."

முதலில் அது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. என்னிடம் என் மகளைப்பற்றிக் குறை சொல்ல வேண்டுமானால் கதிர் வார்த்தைகளைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது. தேடி எடுப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். அவன் சொல்வதைக் கேட்கக் கேட்க, இந்தப் பிள்ளை எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்று எனக்குத் தெரியவந்தது. நீங்களும் வித்யாவோடு பால்கனியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசுவீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை, நீங்கள் சொன்னதும் இல்லை. அந்த மாற்றல் நின்றுபோனது. யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன ஜூலையில், கால்கரியில், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தீர்கள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "மதினி, எனக்கு ஒண்ணு போதும்" என்றீர்கள். தட்டோடு வந்தபோது நீங்கள் இல்லை. எத்தனையோ பேருடைய கடைசி நேரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், உங்களுடையதை யாருக்கும் சிரமம் தராமல் முடித்துக்கொண்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு கதிர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அத்தை, தனியா அங்க போய் என்ன செய்வீங்க? வித்துடலாமா?"

"உங்கம்மா லிஃப்டெல்லாம் பாத்து வாங்கின வீடு. நான் போறேன்" என்றேன்.  டிக்கெட்டை அவனே எடுத்துக்கொடுத்தான்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் சரியாக இல்லை, மறைக்க மாட்டேன். சமைக்கவே அலுப்பாக இருந்தது. பிறகு ஒரு காலை அந்த எஞ்சினியர் வந்து கதவைத் தட்டினார். நீங்கள் இல்லாமல் யார் முன்னால் நடப்பது என்று தெரியாமல் எல்லோரும் குளத்தில் நின்றுகொண்டிருக்கிறார்களாம். நான் போய் நடந்தேன். ரத்த அழுத்தம் பார்க்க எனக்கு வராது. ஐரிஷ்காரப் பாட்டி கற்றுக்கொண்டிருக்கிறார். நிறையத் தப்பாகப் பார்க்கிறார்.

நேற்று வித்யா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. என்னடி என்றால் ஒன்றுமில்லை என்றாள். அப்புறம், "இதை உன்கிட்ட சொல்லக் கூடாதும்மா. அத்தைகிட்டதான் சொல்லணும்" என்றாள். 

"சொல்லு. கேக்கறதுக்கு இப்ப நான்தானே இருக்கேன்" என்றேன்.

சொன்னாள். ஸ்கேட்டிங் வகுப்பிலிருந்து பேரனை அழைத்துவர மறந்துவிட்டானாம் கதிர். பிள்ளை ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்ததாம். ஆரம்பித்தவள் எங்கெங்கோ போய், அவனுக்கு எதிலும் அக்கறையே இல்லை என்று முடித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அவனுக்கா அக்கறை இல்ல? அம்மா போய் ஆறு மாசம்கூட ஆகல, அந்தப் பிள்ளை எதை நினைச்சுக்கிட்டு வண்டி ஓட்டினானோ! அவனை ஒரு வார்த்தை சொல்லாதே, ஆமா!"

மறுபக்கம் வித்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அம்மா, நீ யாருக்கு அம்மா?"

பின்னால் கதிரின் குரல் கேட்டது. "யாரு, அத்தையா? எங்கிட்ட குடு. நானும் சொல்லணும்."

"வித்யா, போனை எம் மகன்கிட்ட குடு" என்றேன்.