ஒரே மூச்சில் பத்தொன்பது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா? என் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவைப் பற்றித்தான் இவ்வளவு பெரிய கடிதம், பதறாமல் கடைசிவரை படி. போன வாரம் அவரை மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். கைகால் தசையைத் தளர்த்திக்கொண்டு வரும் இந்த நோய் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். தொண்டைக்கு வந்திருந்தால் வாயால் சாப்பிடுவதை நிறுத்தி வயிற்றில் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், உன்னிடம் மறைத்துவிட்டேன், திட்டாதே.

அந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஊதுவதற்கு ஒரு குழாய், அவ்வளவுதான். மூக்கில் கிளிப் மாட்டியதும் அப்பா முகத்தைப் பார்க்கணுமே, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சாக ஊதி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் விட வேண்டும். ஊத ஊதத் திரையில் கோடு ஏறிச் சரிந்து இறங்குகிறது, திரும்ப இழுக்கும்போது கீழே வளைந்து வந்து சேர்கிறது. சட்டைக் கைக்கு வெட்டின துணி மாதிரியே இருக்கே என்றேன், பரிசோதிக்கிற பெண் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு, காற்றுக்கும் ஒரு வடிவம் உண்டென்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் அப்பா ஊதிய கோடு பாதியில் சடாரென்று அறுந்து விழுந்தது, மூன்று தடவையும். தொண்டைத் தசை தளர்ந்து மூடிக்கிட்டா இப்படி வரலாம்மா, டாக்டர்கிட்ட காட்டணும் என்றாள் அந்தப் பெண்.

இருந்தாலும் என் கண் சும்மா இருக்குமா? மூன்று கோடும் கத்தரி வைத்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கின்றன. நோய்க்கு அவ்வளவு ஒழுங்கு ஏது? இன்னொரு தடவை ஊதச் சொல்லி, திரையை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்தி, கன்னத்தை உப்பி ஊதி, நாக்கால் டக்கென்று அடைக்கிறார்! முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதின டிரில் வாத்தியார் அல்லவா, குழாயைக் கண்டதும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டார். அட மனுஷா, இது விசில் இல்ல, நாக்கை எடுங்க என்று கத்தினேன், வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் குழாயை எடுத்துவிட்டு, மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி வைத்து ஊதச் சொன்னாள், கோடு அழகாக வழுக்கி இறங்கியது. இருமிக் காட்டச் சொன்னதிலும் பலம் இருக்கிறது. தொண்டை தப்பித்தது, வாயாலேயே சாப்பிடலாம்.

எல்லாம் நல்ல சேதி என்று பொய் சொல்ல மாட்டேன். படுக்கவைத்து ஊதச் சொன்னால், உட்கார்ந்து ஊதியதைவிடக் கால் பங்கு குறைகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை தளர்கிறதாம், அதனால் தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு மெஷின் வரப்போகிறது. தினமும் காலையில் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று நான் காலண்டரில் குறிக்க வேண்டும். நேற்று பத்தொன்பது. இருபது என்று எழுதச் சொல்லி அடம், நான் எழுதவில்லை.

அப்பா ரெண்டு வார்த்தை பேசிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிடுகிறார், நீ தூரமாய்ப் போனதில் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று குறைப்பட்டாயே. கோபமெல்லாம் இல்லையப்பா. மூச்சு அவ்வளவுதான் இருந்தது, அது உனக்குத் தெரியக்கூடாது என்று என் வாயையும் கட்டிப்போட்டிருந்தார். இனி போனை எடுக்கும் முன் அவரை நிமிர்த்தி உட்காரவைக்கிறேன், எண்ணிக் காட்டச் சொல்லிக் கேள், குஷியாகிவிடுவார். வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருப்பா.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. அப்பா பேச்சு நடுவில் நின்றால் ஹலோ ஹலோ என்று கத்தாதே, லைன் போய்விட்டதென்று வைத்தும் விடாதே. அங்கேதான் இருப்பார், உன்னிடம் அடுத்த வார்த்தை பேச மூச்சு இழுத்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா