அம்மாவுக்கு ஓர் இடம்

மணலூர்பேட்டை
9.2.2025

அன்பு மகன் இளவரசனுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மருமகள் ரம்யாவும் பேத்தியும் அந்த வெளிநாட்டுக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் பேசும்போது நீ செலவைக் கேட்கிறாய், நான் செலவைச் சொல்கிறேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் ரம்யாவிடம் விலாசம் வாங்கி இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் கள்ளக்குறிச்சி விஷயம். நடு மதியத்தில் பெண்ணையாற்றுப் பாலத்தில் அம்மா வழி தெரியாமல் தனியாக நின்றதைப் பார்த்துப் பக்கத்துக் கழனிப் பகலவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தானே, அதற்குப் பிறகு நீ நாலு ஊர் முதியோர் இல்லங்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்பினாய். கள்ளக்குறிச்சியில் மாதம் பதினைந்தாயிரம் என்றிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கம்மி, பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம் என்று அங்கே சேர்த்தேன். பிறகு சாப்பாடு சரியில்லை, அழைத்து வந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். அம்மாவின் வலது மணிக்கட்டைப் பழைய புடவைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அம்மா அழவில்லை. என்னை யாரோ ஆபீஸ்காரர் என்று நினைத்துக்கொண்டு, அவுத்து விடுங்க சார், பால் கறக்கணும், மாடு கத்துது என்றாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். மாட்டை விற்று ஆறேழு வருடமாகிறது.

நிர்வாகியிடம் சத்தம் போட்டேன். அந்த ஆளும் மறைக்கவில்லை. முப்பது பேருக்கு ரெண்டு ஆள்தான் வெச்சிருக்கேன், நீங்க குடுக்கிற காசுக்கு அவ்ளோதான் முடியும், இந்தம்மா எழுந்து வாசல் கேட்டுக்குப் போய்க்கினே இருக்குது, ரோட்டுல வுழுந்துட்டா யாரு பதில் சொல்றது என்றான். அம்மாவின் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டேன். அன்றைக்கே அழைத்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் பட்டது உனக்குத் தெரியும். கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் போய்விடுவாள். நான் குளிக்கப் போனாலும் வாசல் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். யோசித்துப் பார்த்தால் துணியால் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

புதுச்சேரியில் கேட்டேன். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். சென்னையில் நீ சொன்ன இடம் ஓட்டல் மாதிரி இருந்தது. அம்மா மாதிரி மறதி நோய் உள்ளவர்களுக்குத் தனி மாடி, அதற்குத் தனி விலை. கரும்பு விற்ற பணம் முழுதையும் கொடுத்தாலும் அங்கே அரை வருடம் தாண்டாது. கோயம்புத்தூரில் நாற்பத்தைந்தாயிரம். மருந்தும் டயப்பரும் வேறு. இதையே ரம்யாவிடம் சொன்னபோது, தான் நர்ஸ் வேலை பார்க்கும் இல்லத்தில் ஒரு வாரத்துக்கு வாங்கும் கட்டணம் இங்கே மூன்று மாதத்துக்கு வரும், இது ரொம்பக் கம்மி மாமா என்றாள். அவள் கணக்கில் அது சரிதான். அங்கே இருக்கிற வயதானவர்களும் வீட்டுக்குப் போகணும் என்று கேட்பார்களா என்று அவளைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீ கேட்டு எழுது.

கோயம்புத்தூர் இடம் நல்ல இடம். யாரையும் கட்டிவைப்பதில்லை. நடக்கிறவர்கள் நடந்துகொண்டே இருக்க உள்ளேயே சுற்றிவரும் பாதை போட்டிருக்கிறார்கள். சேர்த்த அன்றைக்கு அம்மா யாரிடமும் சாப்பிடவில்லை. அங்கே வேலைக்கு இருக்கும் பிள்ளைகள் சிலர் இந்தி பேசுகிறார்கள், சிலர் கோயம்புத்தூர்ப் பேச்சு. எல்லாரும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அப்போது மதிய ஷிப்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் கலையரசி, நாற்பது வயதுக்குள் இருக்கும். இன்னா ஆயா, துன்னாம குந்திக்கினு கீறீங்க, யாரு மேல கோவம் என்றாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். நீ எந்தூரு என்று கேட்டாள். அம்மா ஒருவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு எவ்வளவோ நாளாகிறது. கல்வராயன்மலை ஆயா, வெள்ளிமலை தாண்டி என்றாள் அந்தப் பெண். அம்மா வாயைத் திறந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

கலையரசிக்குப் புருஷன் இல்லை. பெண் கோயம்புத்தூரிலேயே ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா இருசப்பன் மட்டும் மலையில் தனியாக இருக்கிறார். கண் தெரியவில்லை. நான் கள்ளக்குறிச்சி பக்கம் என்று தெரிந்ததும், போறப்போ ஒருவாட்டி அவரப் பாத்துட்டு வர முடியுங்களா தாத்தா, போன்ல நல்லாகீறேன்னு மட்டும்தான் சொல்றாரு என்றாள். அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை ஓடுகிறது. கலையரசி நம் வீட்டுக்கே வந்து தங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டால்? அவள் அப்பாவையும் கூட்டி வரட்டும், மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. இப்போது அவள் வாங்குவதைவிட ஜாஸ்தியாகவே கொடுக்கலாம், அப்படியும் நமக்குப் பாதிதான் ஆகும். நீயும் கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டு இங்கேயும் பணம் அனுப்ப வேண்டியிருக்காது. ரம்யாவிடம் பேசிவிட்டுச் சொல்.

அம்மாவின் ஆசியும் சேர்த்து,
அப்பா வெங்கடேசன்

 

கோயம்புத்தூர்
22.6.2025

அன்பு மகன் இளவரசனுக்கு,

உன் பதில் கிடைத்தது. கலையரசியை வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் நல்லது, சீக்கிரம் பேசி முடியுங்கள் என்று நீயும் ரம்யாவும் எழுதியிருந்தீர்கள். அது நடக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் மலைக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு பையன் வண்டியில் கூட்டிப்போனான். இருசப்பன் ஓட்டு வீட்டில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். இரண்டு கண்ணிலும் புரை, பால் விட்ட மாதிரி. தம்பி வீட்டில் சோறு கொடுக்கிறார்கள். அவர்கள் மரவள்ளிக் காட்டுக்குப் போகிற நாளில் மாலை வரை ஒன்றும் கிடையாது. அடுப்பு பற்றவைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க என்றார். நாலு ஊர் விலை பார்த்தோமே, மலையில் அப்படிக் கேட்க இடமே இல்லை. பார்த்துக்கொள்ளக்கூடியவள் கோயம்புத்தூரில் என் பெண்டாட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். ஒங்க வூட்டம்மாவ எம் பொண்ணு நல்லா பாத்துக்குதுங்களா, சின்னதுலேர்ந்து அதுக்குக் கோவம் ஜாஸ்தி என்றார். நல்லா பாத்துக்குது, கோவமே வரல என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போ மாறிப்போச்சு என்றார்.

என் யோசனையை அவரிடம் சொன்னேன். சுவரைத் தடவிக்கொண்டே கீழே உட்கார்ந்தார். அத நீங்க அதுகிட்டயே கேளுங்க, எனக்காவ வர்றதா இருந்தா வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க என்றார்.

கோயம்புத்தூர் வந்து கலையரசியிடம் கேட்டேன். சம்பளம் எவ்வளவு என்றுகூட அவள் கேட்கவில்லை. இங்க ஷிப்டு முடிஞ்சா எம் பொண்ணுகூட வூட்ல இருப்பேன், ஒங்க வூட்லயே இருந்தா எனக்கு எப்போ வேலை முடியும் தாத்தா என்றாள். அதே மூச்சில், எங்கப்பா ஒங்க வூட்ல எங்க குந்தி சாப்பிடுவாரு என்று கேட்டாள். எங்கூடத்தான் என்றேன். சிரித்துவிட்டு அம்மாவுக்குத் தலை வாரப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லது செய்யப் போனால் இப்படிப் பேசுகிறாளே என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். நாம் அவளுக்கு நல்லது செய்யவா கிளம்பினோம் இளவரசா? நமக்குப் பாதி செலவு மிச்சம் என்றுதானே எழுதினேன். நீயும் அதற்குத்தானே சரி என்றாய்.

அடுத்த வாரம் மறுபடி மலைக்குப் போய் இருசப்பனை இறக்கி வந்தேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கலையரசிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அவரை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சொட்டுமருந்து விட்டேன். நடுக்கூடத்தில் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். உன் சித்தப்பா வந்தார், பார்த்தார், வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். இருசப்பனுக்கு அப்போது கட்டு பிரிக்கவில்லை. ஆனாலும் யாரோ வந்துட்டுப் போய்ட்டாங்க போல என்றார். அந்தப் பெண் என்ன கேட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

கண் தெளிந்ததும் அவரைக் கோயம்புத்தூர் கூட்டி வந்தேன். மகளைப் பார்த்ததும், இன்னாமே நரை வுழுந்துடுச்சு என்றார். கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா எங்கள் மூவரையும் பார்த்து எழுந்து நின்றாள். இருசப்பனிடம், உக்காருங்க, எங்க வூட்டுக்காரர் வெளிய போயிருக்காரு, வந்துடுவாரு என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, வரட்டுங்க, நான் இருக்கேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் மகளோடு ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். இடம் பத்தாது என்கிறாள், ஆனால் அனுப்பவில்லை.

அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். உடம்பு தேறியிருக்கிறது. பயம் போய்விட்டது. அவள் என்னைத் தேடவில்லை என்பது உண்மைதான். அதற்காக அவளைப் பிடுங்கிக்கொண்டு போவது நியாயமில்லை. நிலத்தைப் பகலவனிடம் குத்தகைக்கு விட்டேன். ஆற்றோரத் துண்டை விற்க ஆள் பேசியிருக்கிறது, உன் கையெழுத்து வேண்டியிருக்கும். இருவருக்குமாகச் சேர்த்து இங்கே அறை கேட்டால் விலை இரட்டிப்பாகிறது, எனக்கு அவ்வளவு கவனிப்பு தேவையில்லை. அதனால் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை பிடித்திருக்கிறேன். காலையும் மாலையும் போய் அம்மாவோடு அந்தப் பாதையில் நடக்கிறேன். என்னை யார் என்று சில நாள் கேட்பாள், சில நாள் கேட்காமலே கையைப் பிடித்துக்கொள்வாள்.

போன மாதம் சேலம் பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். இங்கே டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து இரண்டு மாத்திரை சேர்த்திருக்கிறார், மாடி ஏற வேண்டாம் என்கிறார். கீழே அறை கிடைத்தால் மாறிக்கொள்வேன். நீ இதற்காக டிக்கெட் போட்டுக்கொண்டு அலறியடித்து வரவேண்டாம். வரும்போது வா. ஆனால் வா.

இல்லத்தில், நான் இல்லாத சமயத்தில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து போன் வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் எடு. கலையரசி போனை அம்மா காதில் வைப்பாள். நீ யார் என்று சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதே, பதறுவாள். நம் ஊர்ப் பேச்சில் எதையாவது பேசிக்கொண்டே இரு. நான் எங்கே என்று கேட்டால், கழனிக்குப் போயிருக்கார்மா, வந்துடுவார் என்று சொல்.

பேத்திக்கு என் முத்தம். மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

உன் அப்பா
வெங்கடேசன்