அம்மா ஏன் போனுக்கு வருவதில்லை

என் அருமை வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, படிப்பும் கையுமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் பாதி நலம் என்று வைத்துக்கொள். என் முழங்கால் பழையபடிதான். லிஃப்ட் ரிப்பேருக்குக் கூப்பிடுகிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது என்பதால் எல்லா மாடியும் நான் நடந்துதான் ஏற வேண்டியிருக்கிறது, இதைச் சொன்னால் நீ எப்போதும் சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் போன் பேசினால் அம்மா காதில் விழாத மூலை எது, நீயே சொல். அவள் பக்கத்தில் இருக்கும்போது ம், ஆமா, சாப்பிட்டாச்சு என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அதனால் மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு, டூல் பெட்டிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மோட்டாரைத் திட்டு.

அம்மா கொஞ்சம் அசதியாக இருக்கிறாள், லீவு போட்டிருக்கிறாள் என்றுதான் உன்னிடம் மழுப்பிக்கொண்டு வந்தேன். நடந்தது வேறு. ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற போனை இத்தனை வருஷமாக எடுத்துப் பேசியவள், ஒரு மத்தியானம் மணி அடித்து எடுத்திருக்கிறாள், எதிர்முனையில் யாரோ கதறுகிறார்கள், இவளுக்கு முதல் வார்த்தை வரவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் கவனித்துத் தன் பக்கம் வாங்கிப் பேசிவிட்டதால் வண்டி நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அம்மா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தவள்தான், மறுபடி எடுக்கவில்லை. மேலதிகாரி அம்மாள் தங்கமானவர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, கவுன்சிலிங் போய்விட்டு அவர்கள் சரி என்றதும் வாங்க என்று அனுப்பிவிட்டார். இவள் போக மாட்டேன் என்கிறாள். வேலை போனால் போகட்டும், அது எனக்குப் பெரிதில்லை. நான் காலையில் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் எப்படி உட்கார்ந்திருந்தாளோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், தலைகூட வாருவதில்லை. இந்த வீட்டில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை, பயமாக இருக்கிறது கண்ணு. சமையல் என் தலையில்தான். சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது, அவள் இரண்டையும் ஒரே முகத்தோடு சாப்பிடுகிறாள். நல்லா இல்லை என்று திட்டினாலாவது எனக்குத் தெம்பு வரும்.

அம்மா அசதி என்றதும், மனச்சோர்வா என்று பார்க்க நீ அனுப்பிய கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, பேச்சுவாக்கில் வந்த மாதிரி, தூக்கம் எப்படி வருகிறது, முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் போய்விட்டதா என்று ஒவ்வொன்றாக விட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், அடுத்து பசி பத்திதானே கேக்கணும், கேளுங்க என்றாள். நான் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல முழித்தேன். உன் படிப்பால் எனக்குக் கிடைத்த பெயர் இதோடு நிற்கவில்லை. நீ சைக்காலஜி படிக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து கீழ்வீட்டுத் தையல்கார அம்மா என்னைப் படிக்கட்டிலேயே மடக்குகிறார், தன் வீட்டுக்காரர் தூக்கத்தில் பேசுகிறாராம், உன்னைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். பகல் முழுக்க நீங்களே பேசினால் பாவம் அவருக்கு அப்போதுதானே முறை வரும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இப்போது என் சட்டைக்குப் பொத்தான் தைக்கக்கூட ஆளில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா உன் போனுக்கு வருவதில்லை, உன்மேல் கோபம் என்று நீ நினைக்கிறாய். கோபம் இல்லை. போன தடவை நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? சொல்லும்மா, அவசரமில்ல, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் என்றாய், அதுவும் அப்படி ஒரு மெத்தென்ற குரலில். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு நான் கேட்டதற்கு, அது என் வேலைக் குரல், அதே வார்த்தை, நான் ஊருக்கெல்லாம் பேசினத என் பொண்ணு எனக்கே பேசுறா என்றாள். நீ அந்தப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் சண்டையே இல்லை, கவனித்தாயா? முன்பெல்லாம் போனை எடுத்ததும் விடுதிக் குளியலறை முதல் உன் வாத்தியார் மூக்கு வரை குறை சொல்லி நாக்குத் தள்ளும் வரை பேசுவாய். இப்போது நீ எப்படியிருக்கே, உனக்கு என்ன தோணுது என்று கேள்வி மட்டும்தான். உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லா இருக்கேன், அதோடு சரி. கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறாய், உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அவள் காதில் ஒரு கஷ்டம் விழாமல் பார்த்துக்கொண்டேன், கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தான். அவனுக்குத்தான் இங்கிதம் என்றால் என்னவென்றே தெரியாதே. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான், முதலாளி சரியில்லை, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது, உன் அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஒரே புலம்பல். நான் கண்ணைக் காட்டுகிறேன், காலை மிதிக்கிறேன், அவன் நிறுத்தினால்தானே. அந்த வேகத்தில் உன் கதையையும் போட்டு உடைத்தான். பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரியில் உன்னிடம் வந்து பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று வராமல் நின்றுவிட்டாராம், அவருக்கு என்ன ஆனதென்று உனக்கு யாரும் சொல்லவில்லையாம், அதிலிருந்து உன்னால் வகுப்பில் உட்கார முடியவில்லையாம், படிப்பையே விட்டுவிடலாமா என்று அவனிடம் அழுதாயாம். நான் அவன் வாயைப் பொத்த எழுந்தேன். ஆனால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலில் அவனைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினாள், உன் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அங்கேயே போன் போட வைத்தாள், அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. அவன் போன பிறகு அவளாகவே அடுப்படிக்கு வந்தாள். நான் பாத்திரம் கழுவ, துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள், நான் எடுக்கற போன் எல்லாம் கதையோட ஆரம்பம்தாங்க, வண்டி போய்ச் சேர்ந்ததும் லைன் கட்டாயிடும், பொழச்சாங்களா இல்லையான்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல, அத்தனையும் உள்ளேயே கெடக்கு, அவளுக்கு வந்திருக்கறதும் அதேதான். பிறகு ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, அண்ணன்கிட்ட அழுதிருக்கா, என்கிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கா என்றாள்.

மறுநாள் பழையபடி ஜன்னல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரியாகிவிடும் என்று நம்ப நான் பச்சைப்பிள்ளை இல்லை, அவள் கவுன்சிலிங் போகத்தான் வேண்டும். நேற்று மறுபடி மெதுவாக எடுத்தேன். முடியாது என்று சொல்லவில்லை. அவ அங்க யார்கிட்டயாவது போய் உக்காரட்டும், நானும் இங்க போய் உக்கார்றேன், ஆனா மொதல்ல அவ என்கிட்ட சொல்லணும் என்றாள். நீ படிப்பைத் தொடர்வதோ விடுவதோ உன் இஷ்டம், எதுவானாலும் இந்த வீடு உன்னைத் தாங்கும். எனக்கு இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தத் தெம்பு இல்லை கண்ணு, உண்மையைச் சொல்கிறேன், களைத்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால் நான் கொஞ்ச நேரம் உட்காருவேன்.

நேரத்துக்குத் தூங்கு, காபியைக் குறை. நீ எந்த வேலை பார்த்தாலும் நன்றாக இருப்பாய், என் ஆசி எப்போதும் உன்னோடு. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு, என் நம்பருக்கு வேண்டாம், அம்மா நம்பருக்கு. இப்போது அதைச் சார்ஜ் போட்டுத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறாள். அவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்காதே. எடுத்ததும் அழுதுவிடு, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

உன்,
அப்பா