ஆறு பவுண்டு நரம்பு

அலபாமா, செப்டம்பர் 9

மகளே,

உன் புது போன் நம்பரைத் தர மாட்டேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம்.

நீ விட்டுப்போன மெல்லிய தூண்டில் கோலோடு மூன்று வாரமாக ஏரிக்குப் போகிறேன். வசந்தகால மீன்பிடிப் போட்டியில் எல்லார் முன்னாலும், "இது என்னடி, சூப்பு கிண்டுற குச்சியா?" என்று நான் கேட்டதும் நீ கரையிறங்கிப் போனாயே, அதே கோல்தான்.

இப்போது இங்கே எல்லோரும் உன் வழிக்கு வந்துவிட்டார்கள். படகுகள் பெருகியதால், பெரிய இரை விழுந்தாலே பாஸ் மீன் ஓடிவிடுகிறது. சின்ன ரப்பர் புழுவை அடியில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமாம். எனக்கு அது வருமா? மீன் தொட்டதும் பழைய பழக்கத்தில் ஓங்கி இழுக்கிறேன். ஆறு பவுண்டு எடை மட்டுமே தாங்கும் உன் தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்துபோகிறது. இதுவரை பதினொரு தடவை.

"யோவ், மீன் பிடிக்கிறியா, மரம் பிடுங்குறியா?" என்கிறான் கூட வரும் வெர்லன்.

"உன் வேலையைப் பாருடா" என்றேன். அவன் பெட்டியில் நான்கு மீன் கிடந்தது.

நேற்று தனியாகப் போய், இழுக்காமல் இருந்தேன். மூன்று பவுண்டு மீன் ஒன்று வந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை.

அக்டோபரில் ஜோடிப் போட்டி. விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். படகின் முன்னால் நின்று, எங்கே போவது என்று முடிவு செய்பவர் முதல் வரியில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருடமாக அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை.

நான் இரண்டாம் வரியில் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா