கான் தோ இப்போது யாரோடு இருக்கிறது

விவேக் நகர், பெங்களூரு
11 ஜனவரி 2026

அன்புள்ள ஆஞ்சலா அக்காவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். குளியலறை விளக்கைப் போட்டு, கதவை லேசாகத் திறந்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமினால்கூடப் பேனா நின்றுவிடுகிறது. நாளைக்கு என் வகுப்பு மமதா வீட்டில் அவள் அம்மா ஷோபா ஆன்ட்டி வழக்கம்போல இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவார்கள். அப்புறம் கிழித்துவிடுவேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன் அக்கா. பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு நகரத்தின் நிர்வாக வரலாற்றை எழுத வேண்டும். எல்லாரும் மைசூரு, சென்னை, லண்டன் என்று கை தூக்கினார்கள். நான் கான் தோ என்று சொல்லிவிட்டேன். "எங்கே இருக்கு அது?" என்று மிஸ் கேட்டார்கள். "வியட்நாம்ல, ஆத்துத் துறைமுகம் மிஸ்" என்றேன். எழுதிக்கொண்டுவிட்டார்கள். பிப்ரவரியில் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். நீ கியெட் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பா முன்னால் உன் பெயரையே சொல்லக்கூடாது. ஊர்ப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்?

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தெரிந்துகொள்ள ஆசை. ஒரு வரைபடத்தில் உன் ஊர் சின்னதாக இருக்கிறது. இன்னொன்றில் கடல் வரைக்கும் போகிறது. பழைய படம் ஒன்றில் அந்தப் பெயரில் மாகாணமே இல்லை. எது சரி?

உன் ஜூடித்


கான் தோ
15 ஜனவரி 2026

என் செல்ல ஜூடித்,

உன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. பயத்தில் எழுதினால் அப்படித்தான்.

மூன்று படமும் சரிதான். என் மாமியாரைக் கேட்டேன். அவர் பிறந்ததிலிருந்து வீடு மாறவே இல்லை. ஆனால் பிறந்தபோது இந்த இடம் ஃபோங் தின் மாகாணம். போர் முடிந்ததும் பக்கத்து மாகாணங்களோடு சேர்த்து ஹாவ் யாங் என்று பெயர் வைத்தார்கள். அவருக்குக் கல்யாணம் ஆன காலத்தில் அதைப் பிரித்தார்கள். சோக் ட்ராங் ஒரு பக்கம், கான் தோ ஒரு பக்கம். 2004இல் கான் தோ நகரம் மட்டும் நேராக மத்திய அரசின் கீழ் போனது. மிச்சப் பகுதி ஹாவ் யாங் என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டது. போன ஜூலையில் சோக் ட்ராங், ஹாவ் யாங் இரண்டும் திரும்ப வந்து கான் தோவோடு சேர்ந்துவிட்டன. அதனால்தான் கடல் வரைக்கும் போகிறது. "நான் படகை அவிழ்க்கவே இல்லை, இத்தனை ஊர் பார்த்துவிட்டேன்" என்று மாமியார் சிரிக்கிறார்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வர வேண்டும்போல இருக்கிறது. ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏறுவது கஷ்டம். அப்பாவுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அவ்வளவு தூரம் வந்து வாசலோடு திரும்ப எனக்குத் தெம்பு இல்லை. நீ வீட்டில் எதுவும் பேசாதே.

அக்கா ஆஞ்சலா


விவேக் நகர்
2 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சித்தி ஆகப்போகிறேன்! யாரிடமும் சொல்ல முடியாமல் தலையணைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன்.

பெங்களூரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்ததிலிருந்து அப்பாவுக்கு வார்டு ஆபீஸில் அட்டெண்டர் வேலையோடு ஊருக்கெல்லாம் வழி சொல்லும் வேலையும் சேர்ந்துவிட்டது. நேற்றுச் சாப்பிடும்போது, "ஒரு வயசான அஜ்ஜி வந்து, நான் எந்த மாநகராட்சிப்பான்னு கேக்குது. நானே எதுல இருக்கேன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"சம்பளம் எங்கேர்ந்து வருதோ அதான் உங்க ஊரு" என்றாள் அம்மா.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "பிரிச்சத மறுபடி சேப்பாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"மேல இருக்கிறவங்க கையெழுத்துப் போட்டா சேரும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார். நம் வீட்டில் மேலே இருப்பவர் அவர்தானே அக்கா?

கண்காட்சிக்கு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். சார்ட் முடிந்துவிட்டது. உன் வீடு இருக்கும் காய் ராங் மாவட்டத்துக்குப் பச்சை அடித்திருக்கிறேன்.

ஜூடித்


கான் தோ
5 பிப்ரவரி 2026

ஜூடித்,

மிஸ்ஸிடம் சொல்லி மைசூருக்கு மாற்றிக்கொள். எனக்காக நீ திட்டு வாங்க வேண்டாம். மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். பிரசவம் இங்கேயே ஆகட்டும். ரசம் மட்டும் நானே வைத்துக்கொள்வேன்.

அக்கா


விவேக் நகர்
15 பிப்ரவரி 2026

என் அன்பான அக்காவுக்கு,

நான் ஊரை மாற்றவில்லை.

நேற்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். என் சார்ட் முன்னால் நின்று மேலிருந்து கீழே எல்லாவற்றையும் படித்தார். பச்சை இடத்தில் விரல் வைத்தார்.

"இது தப்பும்மா. காய் ராங் இப்போ மாவட்டம் கிடையாது. மாவட்டம்ங்கிறதையே போன ஜூலைல எடுத்துட்டாங்க. இப்போ வார்டுதான்."

இதை நீகூட எனக்கு எழுதவில்லையே அக்கா! மிஸ்ஸுக்கும் ஆச்சரியம். "சார், நீங்க அங்கே போயிருக்கீங்களா?"

"இல்ல மேடம். எங்க பெரிய பொண்ணு அங்கதான் இருக்கு."

பக்கத்து மேஜையில் மமதா பசை டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள்.

திரும்பி நடந்து வரும்போது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் கிரண் அண்ணனிடம் மதியத்தில் கான் தோ செய்தியைப் படிக்கச் சொல்வாராம். அண்ணன் கன்னடத்தில் எடுத்துச் சொல்வாராம். வெள்ளம் என்றால் எந்தப் பக்கம் என்று அப்பா படம் போட்டுக் காட்டச் சொல்வாராம். இத்தனை நாளாக!

அதற்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. நீ பேசாதே என்று சொன்னதை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள். "அக்கா மாசமா இருக்குப்பா. இங்க வரணும்னு ஆசைப்படுது" என்றேன். அப்பா நடையை வேகமாக்கினார். குழந்தை யேசு கோயில் தாண்டியது, மெழுகுவர்த்திக் கடைகள் தாண்டின, அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: "ஏரோப்ளேன்ல டாக்டர் சீட்டு கேப்பாங்க. எத்தனை மாசம், பயணம் பண்ணலாமா, எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி, சீல் வெச்சு வாங்கிக்கச் சொல்லு ஆஞ்சிய. சீல் இல்லாத சீட்டு செல்லாது."

அப்பா தன் வாயால் ஆஞ்சி என்றார், அக்கா. அம்மா அழுதுகொண்டே பீரோவைத் திறந்து பழைய காட்டன் புடவைகளை எடுத்து, குழந்தைக்கு எது மெத்தென்று இருக்கும் என்று கன்னத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை ஹாலில் பெரிய விளக்கின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். "இனி ராத்திரில பாத்ரூம் வெளிச்சத்துல எழுதாத, கண்ணு கெட்டுடும்" என்று அப்பா சொல்லிவிட்டார். இருமல் எல்லாம் நிஜ இருமல்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை பெயரை எப்படிச் சொல்வது? நான் சொல்லிக் காட்டியது சரியில்லையாம். நாளைக்கு நீயே போன் செய்து சொல்லிக்கொடு. அவர் கையில்தான் போன் இருக்கும்.

உன் ஜூடித்