பதினேழு இடத்தில் சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்
மகள் வேலைக்குப் போன பிறகு ஒரு பெண் கதவைத் தட்டினாள். சமூகவியலில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்களைப் பேட்டி எடுக்கிறாள். அஞ்சாவதோடு நின்றவளிடம் என்ன கேட்கப் போகிறாய் என்றேன். "பரீட்சை இல்ல பாட்டி, பேச்சுதான்" என்றாள். வரச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்
இரண்டு மணி நேரம் பேசினேன். நான் நிறுத்தினாலும் அவள் வாயைத் திறப்பதில்லை. எதிரே ஒருத்தி சும்மா இருந்தால் நம் வாய் சும்மா இருக்குமா? எல்லாம் கொட்டிவிட்டது. நெட்டையைப் பற்றியும்.

நெட்டை என்னோடு இஸ்திரி மேஜையில் பதினொரு வருஷம் நின்றவள். ஒரு புதன்கிழமை, மூன்றே கால் மணி. யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போய் ஆறு படுக்கை விரிப்பு கருகிவிட்டது. மேற்பார்வையாளர் யார் என்று கேட்டார். நெட்டை என்னைக் கைகாட்டினாள். என்னைத் துணி ஊறவைக்கும் அறைக்குத் தள்ளினார்கள். இருபத்தேழு வருஷமாகப் பேச்சு இல்லை. இருப்பது அடுத்த தெருவில்.

"இது கண்டிப்பா உன் புத்தகத்துல வரணும்" என்றேன்.
"வரும். ஆனா யார் பேரும் இருக்காது பாட்டி."
பேர் எதற்கு? அந்த உயரம் போதும்.

மார்ச் 6, வெள்ளி
நெட்டையையும் அந்தப் பெண் பேட்டி எடுத்திருப்பாளோ?

மார்ச் 14, சனி
நான் பேசியதை எழுதிக் கொண்டுவந்தாள். வேண்டாததை அடிக்கலாமாம். இருமலைக்கூட விடவில்லை, பாவி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அங்கங்கே அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு" என்று இருந்தது. எண்ணினேன். பத்தொன்பது. அதில் பதினேழு நெட்டை வரும் இடத்தில். மற்ற இரண்டு பேத்தியைப் பற்றிச் சொன்ன இடத்தில். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷருக்கு ஒன்றுகூட இல்லை.

"நான் எங்கடி சிரிச்சேன்? பொய் எழுதாதே."
பதிவைப் போட்டுக் காட்டினாள். நெட்டை வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு மேற்பார்வையாளரை அலற வைத்த கதை. கோழி கொக்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான்தான்.

மார்ச் 15, ஞாயிறு
நெட்டை வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடலாமா? அடித்தால் மிச்சம் என்ன? நீராவி, ஈரத்துணி, இடுப்புவலி. சே, இத்தனை வருஷம் கட்டிக் காத்த கோபம். நாலு காகிதம் வந்து கவிழ்த்துவிட்டதே.

மார்ச் 16, திங்கள்
ஒரு வரியும் அடிக்க வேண்டாம் என்று போனில் சொன்னேன். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேட்டி எடுப்பாயா என்றும் நானே கேட்டுவிட்டேன். எனக்கு என்ன கேடோ.

மார்ச் 21, சனி
நெட்டை வந்தாள். இன்னும் குனிந்துதான் வாசலில் நுழைகிறாள். உட்காருமுன்னே சொன்னாள்: "பெட்டிய அணைக்காமப் போனது நான்தான். பயத்துல உன்னைக் காட்டிட்டேன்."
"தெரியும். அன்னிக்கே தெரியும்."
"அப்பறம் ஏன்டி வாயத் தொறக்கல?"
"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."
"இருபத்தேழு வருஷமாவா?"
"எனக்கென்ன அவசரம்?"

அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நானும் அப்படித்தான். அதற்குப் பிறகு எங்கள் மேஜை ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா என்று முக்கால் மணி நேரம் சண்டை. கதவுப் பக்கம்தான். ஆராய்ச்சிக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதற்கும் நாங்கள் பதில் சொல்லவில்லை. பேட்டியெல்லாம் முடிந்தது என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

நெட்டை செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன்" என்றாள்.
"பேட்டிதான் முடிஞ்சுபோச்சே. அந்தப் பொண்ணு வரமாட்டாளே" என்றேன்.
"அவ எதுக்கு?" என்றாள்.